முன்சக்கரத்துச் சிவப்பு

கார் பிரேக்குக்கெல்லாம் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா என்றுதான் முதலில் கேட்டேன். என் கணவர் போனில் படம் காட்டினார். சக்கரத்துக்குப் பின்னால், வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற ஒரு இரும்புத் துண்டு. கேலிப்பர் என்று பெயராம். அதற்குப் பளிச்சென்று ஒரு நிறம் கொடுத்துவிட்டால் சக்கரத்தின் இடைவெளிகளில் அழகாகத் தெரியுமாம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் எந்தக் காருக்கும் அப்படி இல்லையே, நம் காருக்கு மட்டும் எதற்கு என்றேன். "அதனாலதான்" என்றார். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷமே இருந்த மனிதருக்கு வந்த ஆசை இது.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, காரின் மூக்கை இரும்பு ஸ்டாண்டுகளில் தூக்கி வைத்தார். பின்சக்கரத்தில் கேலிப்பர் கிடையாதாம், தப்பித்தோம். நாள் முழுக்கக் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்தார். சாயங்காலம் ஸ்வீட் பெட்டி அட்டையில் சிவப்பு, மஞ்சள், நீலம், சாம்பல் என்று தீற்றிக்கொண்டு, கழற்றிய சக்கரத்துக்குப் பின்னால் அதைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"சீக்கிரம் காட்டுங்க. அடுப்புல குழம்பு கொதிக்குது."

"நீதான் கலர் சொல்லணும். ஓட்டறவனுக்கு இது கண்ணுலயே படாதுடி. கேட்டுல நிக்கிறவளுக்குத்தான் தெரியும்."

அவர் ஒரகடத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், கார் தெருமுனை திரும்புகிறவரை நான் கேட்டில் நிற்பேன். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டருக்காக ஆரம்பித்த பழக்கம். நான் சாம்பல் என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. சிவப்புதான் மனதில் இருந்தது என்று தெரிந்தது. "கிழவன் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நாளைக்கு யோசித்துச் சொல் என்றார்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கார் சக்கரமில்லாமல் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரை ஆட்டோவில் ஏற்றினோம். எதில் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். தெருவில் அப்படிப் பேசவில்லை. "கார கழட்டிப் போட்ட நேரம் பாருங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது அவர் நகக்கண்களில் வெள்ளை பிரைமர் அப்படியே இருந்தது.

எங்களுக்கு மகன் இல்லை. ஒரே மகள், ஹைதராபாத்தில் இருக்கிறாள். அதனால் அவர் தம்பிதான் கொள்ளி வைத்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடியது, சுடுகாட்டு ஏற்பாடு, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் அவன்தான். படப்பையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து வந்து போனான். காரியம் முடிந்து பந்தி எடுக்கும்போது, பெரியவர் ஒருவர் போகிற போக்கில் சொன்னார், கார் தம்பிக்குப் போகட்டும், இந்தம்மாவுக்கு எதுக்கு என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். கொள்ளி வைத்தவனுக்கு இல்லை என்று யார் சொல்வது? மகளும் போனில், "சித்தப்பாவுக்கே குடுத்துடும்மா, வெளி ஆளுக்கு விக்கிறதுக்கு இது பரவால்ல" என்றாள். அந்தக் கார் வாசலில் நிற்கிறவரை அவர் ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. அதையும் பிடுங்க வந்துவிட்டார்கள்.

"தாராளமா எடுத்துக்கோங்க தம்பி. உங்க அண்ணன் தொட்ட வேலை, அரைகுறையா போகக் கூடாது. பெயிண்ட் அடிச்சதும் கொண்டு போங்க" என்றேன்.

அவன் சாமிக்குப் பயந்தவன். அண்ணன் கை வைத்த வேலை என்றதும் மறுபேச்சில்லை. "ஆமா அண்ணி, அது முடியணும். கலர் மட்டும் சொல்லுங்க" என்றான். நான் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வந்து கேட்பான். ஒரு வாரம் நீலமோ என்று தோன்றுகிறது என்பேன். அடுத்த வாரம் நீலம் வேண்டாம் என்பேன். காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். நிறம் முடிவாகாதவரை சக்கரம் மாட்ட முடியாது. சக்கரம் மாட்டாதவரை கார் என் வாசலைவிட்டு நகராது. இந்தத் தந்திரம் எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தெருவில் எல்லாக் கார்களையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். எங்கள் வீட்டில் வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கிடையாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற காரின்மேல் பக்கத்து வேப்பமரத்து இலை கொட்டிக் கிடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு கொழுந்தன் ஒரு சாம்பல் பெயிண்ட் டப்பாவோடு வந்தான்.

"நானே வாங்கினு வந்துட்டேன் அண்ணி. இன்னைக்கு முடிச்சிடலாம். அண்ணன் சிவப்புன்னு சொல்லினு இருந்தாராம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. ஆனா சிவப்பு வேணாம். வருஷம் திரும்பல. நீங்களே குங்குமம் வைக்காம இருக்கீங்க."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நெற்றியை எடுத்துக்கொண்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஒரு இரும்புத் துண்டு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் நான் தாலி அறுத்ததுதான் கணக்கா? "டப்பாவ எடுத்துட்டுப் போங்க தம்பி. அடுத்த வாரம் வாங்க, கார் ரெடியா இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயாலேயே காரை அனுப்பிவிட்டது உறைத்தது.

மறுநாள் முடிச்சூர் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"கேலிப்பர் பெயிண்டா? இன்னா கலர் மா வோணும்? சேப்பு, மஞ்சா, கறுப்பு கீது."

"சிவப்பு."

"பையனுக்காமா?"

"வீட்டுக்காரருக்கு" என்றேன்.

அவர் ஒட்டிவைத்திருந்த டேப்பும் செய்தித்தாளும் வட்டத் தகட்டின்மேல் அப்படியே இருந்தன. அந்தச் சனிக்கிழமைத் தாள், மழையில் நைந்து போயிருந்தது. பழைய தலையணையைப் போட்டு உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் அடித்தேன். அவர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்ததால் பெயிண்ட் திட்டுத்திட்டாகாமல் ஒரே சீராகப் பிடித்தது. எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். முடிக்கிறவரை அழவில்லை. கை கழுவும்போது நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. அப்போது அழுதேன்.

ஞாயிறு கொழுந்தன் மெக்கானிக்கோடு வந்தான். சிவப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சக்கரங்களை மாட்டினார்கள். புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. "வரேன் அண்ணி" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

நான் கேட்டில் நின்றேன். தெருமுனையில் அவன் பிரேக் போட்டுத் திரும்பியபோது, முன்சக்கரத்துக்குள் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன சிவப்பு. உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனவனுக்கு அது தெரிந்திருக்காது.