தலை தூக்காத நீச்சல்

வடகரைத் துல்கர்னைனுக்குத் தொழில் தறி நெய்வது. 1958இல் மாவட்ட நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, தண்ணீரிலும் அவன் தறிதான் மிதித்தான். முழங்காலை மடக்கி, இடது வலது என்று மாற்றி மாற்றி அமுக்குவான். தறியில் நூல் நாடா குறுக்கே ஓடுவதைப் பார்க்கிற பழக்கத்தில், கை வீசும்போதெல்லாம் தலையையும் தூக்குவான். அவனுக்கு நீச்சல் பழக்கியது நான்தான்; கரையில் நின்று குறை சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, குளத்தின் மேல் சாரல் புகைபோல இறங்கியிருந்த காலையில், எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எத்தன தடவலே சொல்ல? ஒன் பின்னால நீந்தி வந்தவரப் பாரு. கால நீட்டி எப்படி அடிக்காரு! அக்கரையில இருந்து இங்கன வரைக்கும் ஒரு தடவகூட தலையத் தூக்கல.”

“என் பின்னால யாரு வந்தா?” என்றான்.

திரும்பிப் பார்த்தோம். படித்துறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. குளத்தில் அலைகூட இல்லை.

நான் சைக்கிளை எடுத்தேன். அவனோ தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிடாமலே குளத்துக்குப் போனான்.

போட்டியில் நூறு மீட்டர். குதித்தவன் காலை நீட்டி அடித்து எல்லோரையும் முந்தினான். பாதித் தூரம் தாண்டியும் அவன் முகம் மூச்சு வாங்கக்கூடத் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. கூட்டம் கைதட்டியது. நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி கரையோரமாக ஓடினேன்.

“தலையத் தூக்குலே, துல்கர்னைன்! தலையத் தூக்கு!”