பாவூர்சத்திரத்து வெயில்

என் தம்பி பிறந்த வாரம்தான் அந்த வருடத்துச் சாரலும் தொடங்கியது. ஆனி மாதத்தில் தென்காசிக்காரர்களுக்கு வேறு பேச்சு கிடையாது. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தொட்டதா, ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது என்று பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை விசாரிப்பார்கள். அப்பா போலீஸில் ஏட்டு. சீசன் முழுவதும் அவருக்கு ஐந்தருவியில் டியூட்டி. விசில் ஊதிக் கூட்டத்தை வரிசைப்படுத்துவதும், உடம்பெல்லாம் எண்ணெயோடு வழுக்கி விழுகிறவர்களைத் தூக்கி நிறுத்துவதும் அவர் வேலை. சாரல் வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் துண்டோடு வந்து இறங்குகிற அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் மட்டும் வெயிலுக்குக் காத்துக் கிடந்தோம்.

காரணம் தம்பி. பிறந்த மூன்றாம் நாள் அவனுக்கு முகத்தில் மஞ்சள் தட்டியது. பிறந்த பிள்ளைகள் பலருக்கும் இது வரும், பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், காலை இளவெயிலில் காட்ட வேண்டும், மஞ்சள் கால் வரைக்கும் இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ தாமதிக்காமல் திருநெல்வேலிக்குக் கொண்டு போய்விட வேண்டும் என்றார். அப்பா, அம்மா, பெரியம்மா, நான் என்று நாலு பேரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலு பேருக்கும் நினைவில் நின்றது வெயில் மட்டும்தான்.

பெரியம்மா என்பது அம்மாவின் அக்கா. பேறுகாலம் பார்க்க அச்சன்புதூரிலிருந்து வந்திருந்தார். வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் அடைத்தார். சாரல் காற்று பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கும் ஆகாது, பச்சைப் பிள்ளைக்கும் ஆகாது என்பது அவர் கட்சி. அதனால் பகலிலும் அறையில் குண்டு பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் நாங்கள் எல்லோருமே மஞ்சளாகத்தான் இருந்தோம்.

வெயில் வந்தால் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதுவரை யாரும் அவ்வளவு பெரிய பதவி கொடுத்ததில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை மொட்டை மாடியில் குடையோடு நிற்பேன். மேகம் கொஞ்சம் விலகினாலும் போதும், “வெயிலு! வெயிலு!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். பெரியம்மா தம்பிக்குத் தொப்பி போட்டு, இரண்டு துணியில் சுற்றி, மூச்சு வாங்கப் படியேறி வந்து, சுற்றியதை எல்லாம் அவிழ்ப்பதற்குள் மேகம் மறுபடி மூடிக்கொள்ளும். வெயிலை நான்தான் நிறுத்திவிட்டேன் என்பதுபோல் அவர் என்னை முறைப்பார். இப்படியே மூன்று நாள் போனது.

மற்ற நேரமெல்லாம் நான் தம்பியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தும்மினால் அவன் தும்மலுக்கு அவனே பயந்து இரண்டு கையையும் விரிப்பான். விக்கல் வந்தால் உடம்பு முழுவதும் குலுங்கும். மூடிய கைக்குள் என் விரலை நுழைத்தால் பிடித்துக்கொள்வான். முதல் இரண்டு நாள் இறுக்கிப் பிடித்தான். பிறகு பிடி தளர்ந்தது. என் விரல் அவனுக்குப் பழகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவன் அழவும் மாட்டான். அடுத்த வீட்டுப் பிள்ளை பகலெல்லாம் அழுது ஊரைக் கூட்டும். எங்கள் பிள்ளை இருக்கிற இடம் தெரியாமல் தூங்குவான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சமத்து, சமத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வகுப்பில் நான் அதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அவனை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று அறை வாசலில் காவல் வேறு இருந்தேன். அம்மா ஒருத்திதான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

“பால இழுக்கவே மாட்டேங்கான்க்கா. வாயில வச்சதும் தூங்கிருதான்.”

“சமத்துப் பிள்ளையப் பெத்து வச்சுக்கிட்டு மூக்கச் சிந்தாதட்டி. பசிச்சா கேக்க மாட்டானா?” என்று பெரியம்மா அவள் வாயை அடைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சொட்டச் சொட்ட நனைந்த காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். பாவூர்சத்திரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கிறதாம். அந்தப் பக்கமிருந்து வந்த பஸ் டிரைவர் சொன்னாராம். “பிள்ளையத் தூக்குங்க மதினி. காட்டிட்டு ஒரு மணி நேரத்துல வந்துருவோம்” என்றார். அம்மாவும் கிளம்பினாள். இந்தக் காற்றில் வாசல்படி தாண்டினால் ஜன்னி கண்டுவிடும் என்று பெரியம்மா விடவில்லை. தெருமுனை ஆட்டோ அண்ணாச்சி வந்தார். தம்பியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா ஏறினார். வெயில் வந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் என்ற முறையில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியும் சாரல் கூடவே வந்தது. பிறகு ஒரு இடத்தில், யாரோ கோடு போட்ட மாதிரி, நனைந்த ரோடு முடிந்து காய்ந்த ரோடு தொடங்கியது. அண்ணாச்சி வைப்பரை நிறுத்தினார். பாவூர்சத்திரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாலத்துச் சுவரில் அப்பா உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, தம்பியின் துணிகளை அவிழ்த்தார். நல்ல வெயில். குற்றாலம் போகிற வேன் ஒன்று நின்று, தண்ணீர் விழுகிறதா என்று கேட்டது. அப்பா தலையைத் தூக்காமலே விழுகிறது என்றார்.

வெயில் முகத்தில் நேராக அடித்தும் தம்பி கண்ணைச் சுருக்கவில்லை. “பாத்தியளாப்பா, இதுக்குக்கூட அழ மாட்டான்” என்றேன்.  அப்பா அவனுடைய வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். பிறகு பாதத்தைத் திருப்பினார். மஞ்சள் அரைத்துத் தேய்த்தது மாதிரி இருந்தது. உள்ளங்காலில் சுண்டினார். இன்னும் பலமாகச் சுண்டினார். எனக்குக் கோபம் வந்தது.

“மதினி, இவன் கடைசியா எப்பப் பால் குடிச்சான்?”

பெரியம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்திவிட்டார். 

அப்பா நடு ரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினார். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த வேன் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. போலீஸ் மறிக்கிறது என்று டிரைவர் லைசென்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினார். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவையும் தம்பியையும் ஏற்றினார். அருவி டியூட்டியில் நனைந்த அவருடைய செல்போன் அப்போது வீட்டில் அரிசி டப்பாவுக்குள் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டோ அண்ணாச்சியிடம் ஏதோ சொல்லிவிட்டு, “அம்மையக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்கேன். நீ பக்கத்து வீட்டுல இரு” என்று என்னிடம் சொல்லி அவரும் ஏறினார். எண்ணெய் வாடையோடு அந்த வேன் பறந்தது.

நான் தம்பியின் தொப்பியையும் துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். அம்மா வாசலிலேயே நின்றாள். “தம்பி எங்கட்டி?” என்றாள். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. “அப்பாகூட வேன்ல போயிருக்கான். வெயில்ல அழவே இல்லம்மா. அப்பா கால்ல சுண்டிச் சுண்டிப் பாத்தாவ, முழிக்கவே இல்ல. அவ்ளோ சமத்து!”

அம்மா வெறுங்காலோடு சாரலில் இறங்கி ஆட்டோவில் ஏறினாள். பெற்று எட்டு நாள்கூட ஆகவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆறு நாள் நான் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினேன். நீல விளக்குக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள், மூக்கு வழியாகப் பால் போகிறது என்றார்கள். நான் போய்ச் சொன்னால் குடிப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளைதான் என்று நினைத்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியது எங்கள் அம்மா. கையில் இருந்ததுதான் கத்திக்கொண்டிருந்தது. “கத்துலே, நல்லாக் கத்து” என்று சொல்லி அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

அதன் பிறகு வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் விழித்தான், முகம் சிவக்கக் கத்தினான், குடித்தான், மறுபடி கத்தினான். நான் அவனைத் தீர ஆராய்ந்தேன். நிறம் வேறு. குரல் வேறு. விரலைக் கொடுத்தால் வலிக்கிற மாதிரி பிடித்தான். என் தம்பிக்குத் தொப்புளில் காய்ந்த கொடி ஒட்டிக்கொண்டிருந்தது, இவனுக்கு அது இல்லை. விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. அப்பா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“இது நம்ம தம்பி இல்ல. ஆஸ்பத்திரில மாத்திட்டாவ. இவனக் குடுத்துட்டு அந்தச் சமத்துத் தம்பிய வாங்கிட்டு வாங்கப்பா.”

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா சிரிக்கவே இல்லை. பூட்ஸ் கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு என்னைத் தூக்கி மடியில் வைத்தார்.

“அவன் நமக்கு வேண்டாம்ட்டி. இவனே இருக்கட்டும்” என்றார். 

அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கேட்கக்கூட ஆள் இல்லையே என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதேன். பாலத்துச் சுவரில், நல்ல வெயிலில், அப்பா பார்த்தது என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. நான் திருப்பிக் கேட்டது எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்த பிள்ளையை.