புதுப் பெட்டியில் பழைய டாங்கி

சத்தியநாதன் எதையும் எளிதில் மெச்சுகிறவர் அல்ல. கிழக்குத் தாம்பரத்தில் அவர் தெருக்காரர்கள் புதிதாக வாங்கிய ரேடியோவை அவரிடம் காட்டவே யோசிப்பார்கள். காட்டினால், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாடுது" என்பார். அவ்வளவுதான்.

பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் வரைபட வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் மடியில் ஏதாவது தத்துவப் புத்தகம் இருக்கும். வீட்டில் அவருக்கு இருந்த ஒரே கேளிக்கை, சீமையிலிருந்து வரும் பிளாஸ்டிக் கிட்டுகளை வாங்கி, துண்டு துண்டாக வெட்டியெடுத்து, உரசி, ஒட்டி, பொம்மை டாங்கி செய்வது. சின்னக் குழந்தை விளையாட்டு என்று சர்ச்சுக்கு வரும் சிலர் சிரித்ததுண்டு. அவர் கவலைப்பட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் அவருடைய தம்பி தனசிங்.

அப்பா செத்த பிறகு தனசிங் படிப்பை விட்டுவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷன் டீக்கடையே கதியென்று கிடந்தான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து அண்ணன் கேட்டார்: "எத்தனை நாளைக்கு இப்படி? பட்டாளத்துக்காவது போய்த் தொலையேன்." தம்பி பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினான். அந்த மாதமே போயும் விட்டான். மறுவருஷம், அறுபத்தைந்தில், பாகிஸ்தானோடு சண்டை வந்தது.

அந்த நாட்களில் சத்தியநாதன் ரேடியோவைவிட்டு நகரவில்லை. தட்டில் சோற்றைப் போட்டால் அந்தப் பழைய வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. சண்டை முடிந்து தனசிங் லீவில் வந்தபோது, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. "என்னடா வேலை கொடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டார்.

அப்போது மேஜைமேல் ஒரு டாங்கி கிட் திறந்து கிடந்தது. பல்லாவரத்தைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் மூர் மார்க்கெட்டில் போட்டுவிட்டுப் போனது. நம் ராணுவமும் வைத்திருந்த ஆங்கிலேய டாங்கி என்று பேர் பார்த்து, தம்பி வருகிறானே என்றுதான் வாங்கியிருந்தார். தனசிங் அதை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "இதுதாண்ணா. இதைத்தான் ஓட்டினேன்" என்றான்.

அந்த லீவு முழுக்க அண்ணனும் தம்பியும் சாயங்காலம் மேஜையருகில் உட்கார்ந்தார்கள். அண்ணன் பசை தடவுவார், தம்பி சொல்லுவான். உள்ளே எப்படி வேகும், புழுதி எப்படிக் கண்ணில் அடைக்கும், இடது பக்கத் துவாரத்தில் தலையை நீட்டி ஓட்டும்போது வலது பக்கத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாது, பக்கத்து டாங்கி எரிந்தபோதும் அதனால்தான் தாமதமாகப் பார்த்தான் என்றெல்லாம். சிறுவயதிலிருந்து எலியும் பூனையுமாக இருந்தவர்கள். அந்தச் சாயங்காலங்களுக்குப் பிறகு சத்தியநாதன் தம்பியை அதட்டியதே இல்லை. தனசிங் பட்டாளத்தை விட்டு வந்ததும் சேலையூரில் அப்பா வைத்துப்போன மனையில் தன் பாதியையும் அவன் பேருக்கே எழுதிவைத்தார். தனசிங் வீடு கட்டினான். தபீதாளைக் கல்யாணம் செய்துகொண்டான். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 'டாங்க் ஓட்டினவர்' என்ற மரியாதையோடு காவல் அதிகாரியானான். அண்ணன் செய்து கொடுத்த டாங்கி அவன் வீட்டு ஷோகேஸில், கல்யாணப் போட்டோ பக்கத்தில், இருந்தது.

எழுபத்தைந்தில் ஒருநாள் ரயிலில் அயூப் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பல்லாவரத்துக்காரன்; பர்மா பஜாரில் கடை. "இன்னா டாங்க் சார், இன்னிக்கு உனக்கு விருந்து" என்று ஒரு பெட்டியை எடுத்து மடிமேல் வைத்தான். அதே ஆங்கிலேய டாங்கி. பெட்டியில் புதுப்படம்: முன்னதைவிடப் பெரிய நெருப்பு, புகை, பின்னால் விமானம். "புது சரக்கு சார். கப்பல்லேர்ந்து நேரா வந்துகீது. அச்சு அசல்!"

சத்தியநாதன் ரயிலிலேயே திறந்தார். ஒரு துண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அச்சு சரி. அசல்தான் இல்லை" என்றார். "இது பழைய அச்சு, அயூப். நான் முன்னாடியே செஞ்சதுதான். படத்தை மட்டும் மாத்திட்டான். பாரு, அச்சு தேஞ்சுபோய் ஓரமெல்லாம் பிசிறு."

"அடப்பாவி! சீமைக்காரனே இந்த வேலை பண்றானா? அப்ப நம்மாளை ஏன் சார் திட்டறோம்?" அயூப் பெட்டியைத் திருப்பி எடுக்கப் பார்த்தான். "பேஜாராப் போச்சு. கட்டறதுக்கு லாயக்கா இல்லியா, அதச் சொல்லு. இன்னும் நாலு வரப்போவுது."

இந்தக் கேள்வியை சத்தியநாதன் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மீனம்பாக்கம் தாண்டும்வரை ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். சக்கரங்கள் வட்டமாயில்லை. பீரங்கிக் குழாயின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆனால் உடம்பின் சரிவு, மேலே பீரங்கி சுழலும் கோபுரத்தின் வளைவு, இவற்றை முதலில் செதுக்கியவன் கண்ணால் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். பிறகு வந்தவர்கள் விற்றிருக்கிறார்கள். "உரசறதுக்குப் பொறுமையிருந்தா கட்டலாம்" என்றார். "பெட்டிமேல போட்டதை நம்பி வாங்கறவனுக்கு வேண்டாம்."

அவரிடம் பொறுமை இருந்தது. இந்த முறை சொந்தக் கண்ணால் பார்த்துத் திருத்திவிடுவது என்று தீர்மானித்தார். தைமாதம் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராணுவக் கூடாரத்துக்கு முன்னால் அதே டாங்கி நிற்கிறதென்று கேள்விப்பட்டு, பென்சிலும் காகிதமுமாகப் போனார். சுற்றி வந்து வரைந்தார். முன்பக்கம் வந்ததும் பென்சில் நின்றது.

டிரைவர் இறங்கும் துவாரம் வலது பக்கத்தில் இருந்தது. இடது பக்கம் மூடிய இரும்பு.

கிட்டில் அதை இடது பக்கம் வைத்தவன் தப்பு செய்திருக்கிறான், சரி. வரைபடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்திருப்பான். ஆனால் தனசிங்? அவன் தலையை நீட்டியது எந்தத் துவாரத்தில்? சண்டையில் கிடந்தவன் பல விஷயங்களை மறக்கலாம். தான் உட்கார்ந்த பக்கத்தை மறப்பானா?

பலகையில் பேர் எழுதியிருந்தது. அதே டாங்கிதான். இருந்தும் வீட்டுக்கு வந்து அவர் தம்பிக்காக மனசுக்குள் என்னென்னவோ வழக்காடிப் பார்த்தார். கடைசியில் கிட்டின் இடது துவாரத்தை மக்கு வைத்து அடைத்தார். வலது பக்கத்தில் புதிதாக ஒன்று அறுத்தார். உலரவைத்து மேஜைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தனசிங் வந்தான்.

"ஏதுண்ணா, புதுசா?" என்று கையில் எடுத்தான். உடனே சிரித்தான். "என்னண்ணா, கண்ணாடி மாத்தணும் போலிருக்கு. டிரைவரைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வெச்சிருக்கே!"

"எந்தப் பக்கம் இருக்கணும்?"

"இடது பக்கம்தான். நான் உக்காந்த இடம் எனக்குத் தெரியாதா?"

"தீவுத்திடல்ல நிக்குது. போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

தனசிங்கின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத மாதிரி. "அது வேற மாடலா இருக்கும்" என்றான்.

"பேர் போட்டிருக்குடா."

பொம்மையை மெதுவாக வைத்தான். "ஸ்டோர்ல இருந்தேண்ணா. பூனாவுல. போர்வை, பூட்ஸ் எல்லாம் எண்ணி அனுப்பற வேலை. சண்டை எந்தப் பக்கம் நடந்துதுன்னே எனக்குத் தெரியாது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ பெட்டியைத் திறந்து வெச்சுட்டு, அழுத கண்ணோட நிக்கறே. போர்வை எண்ணினேன்னா சொல்லணும்? பெட்டிமேல படத்துல ஒருத்தன் இடது பக்கத்துல தலையை நீட்டிக்கிட்டு இருந்தான். அதைப் பார்த்துத்தான் சொன்னேன்." சட்டென்று அவன் குரலில் சூடு ஏறியது. "நீதானே போய்த் தொலைன்னு சொன்னே? அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது என்னை மரியாதையா நடத்தியிருக்கியா?"

"அந்த எரிஞ்ச டாங்கி?"

 தனசிங் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மனை போனதில் சத்தியநாதனுக்கு வருத்தமில்லை. எப்படியும் அவனுக்குத்தான் போயிருக்கும். பத்து வருஷம் அவர் சுமந்த குற்றம்தான் அவரை உறுத்தியது. தன் ஒரு வார்த்தையால் ஒருவன் நெருப்புக்குள் போய் வந்தான் என்று அதைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். அதனால் நல்லவராகக்கூட ஆகியிருக்கிறார். இப்போது அந்த நெருப்பு, காகிதத்தில் அச்சடித்த நெருப்பு. அதைக் காட்டி வாங்கிய அன்பை யாரிடம் திருப்பிக் கேட்பது? அந்தச் சாயங்காலங்களில் தம்பி பேசிய ஒவ்வொரு வாக்கியமும் நினைவிலிருந்தது. எதையும் மறக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இரண்டு வாரம் தனசிங் வரவில்லை. மூன்றாம் வாரம் தபீதாள் வந்தாள், தூக்குச் சட்டியில் மீன் குழம்போடு.

"என்ன அத்தான், அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லையாமே? கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறார்."

"ஒண்ணுமில்லம்மா. டாங்க் விஷயம்."

"அட, இந்தப் பொம்மைக்காகவா!" என்று அவள் சிரித்தாள். மேஜையருகே போய்க் குனிந்தாள். தினமும் துடைக்கிற கண், உடனே பிடித்துக்கொண்டது. "இது மாறியிருக்கே. எங்க வீட்டுதுல அந்தப் பக்கம்ல ஓட்டை? எது அத்தான் சரி?"

சொல்லிவிடலாம். சொன்னால் அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்று தோன்றியது.

"இதுதான் சரி. அது கம்பெனிக்காரன் தப்பு."

"அப்போ அவர் இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தாரா?"

"டிரைவர் வலது பக்கம்தான் உட்காருவான்" என்றார் சத்தியநாதன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"நல்லவேளை கேட்டேன். பார்க்க வர்றவங்க கிட்டல்லாம் தப்பாக் காட்டிட்டிருந்தேன். எங்களுதையும் திருத்திக் குடுங்க அத்தான்."

"கொடுத்தனுப்பு" என்றார்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. தம்பி இடது பக்கத்தில் வைத்துச் சொன்ன பொய்யை, இவர் வலது பக்கம் மாற்றி யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்து கொடுத்திருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் தனசிங்கே அதைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து வாசலில் நின்றான். "அவ கொடுத்தனுப்பினா" என்றான், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

சத்தியநாதன் வாங்கிக்கொண்டார். உட்கார் என்று சொல்லவில்லை.