மலிவு நேரத்து மாவு

கரண்டுக்கும் நேரத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்றார்கள், சேர்ந்தோம். வார நாட்களில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை விலை கூடுதல், மற்ற நேரமெல்லாம் குறைவு. கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் பெரிய தீனிக்காரன் மனைவியின் கிரைண்டர்தான். பிரிக்பீல்ட்ஸில் தோசைக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மாவு அரைத்துக் கொடுப்பது மனைவிதான். சாயங்காலம் அரைப்பாள், இரவெல்லாம் பொங்கும், விடிகாலை ரயிலில் வேலைக்குப் போகும் வழியில் வாளியை நான் இறக்கிவிடுவேன்.

"இனிமே மத்தியானத்துக்குள்ளயே அரைச்சிடறேன்" என்றாள். நானும் தலையாட்டினேன். விலை மாறியது எங்கள் இருவருக்கும் தெரியும், மாவுக்குத் தெரியாது. வெக்கையில் அது பொழுது சாய்வதற்குள் பொங்கி, விடிவதற்குள் புளித்துப்போனது.

அக்கா போன் செய்தார். "தங்கச்சி, என்னா லா இது? சாம்பாரே வேணாம், தோசையே புளிக்கொழம்பா இருக்குங்கறான் கஸ்டமர். இப்படியே போனா வேற எடம் பாத்துக்குவேன்."

மனைவியின் முகம் சுருங்கியது. "ஃப்ரிட்ஜில வையேன்" என்றேன்.

"வைக்கலாம். வாளி நுழையணும்னா கதவத்தான் கழட்டணும்."

விடிந்ததும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்தாள். மதியத்துக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றியே அரைத்து, வாளியை ஒரு பெரிய பேசினில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்தாள். வேலை முடிந்து வந்தவன் வாளியையே சுற்றிச்சுற்றி நடந்தேன். காலையின் மலிவான கரண்ட் குளிராகிக் கிடந்து, விலை கூடிய மாலைக்குள் சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை மூடியைத் தொட்டேன்.

"சும்மா தொறக்காதீங்க. அது என்னா நீங்க எழுதற கவிதையா, திரும்பத் திரும்பப் பாக்க?"

மறுநாள் கடையில் அக்கா முதல் தோசையை ஊற்றினார். ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, தெருவைப் பார்த்தபடி மென்றார். நான் தோள்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தேன்.

"ஒக்காருங்க தம்பி. சாப்ட்டுட்டுப் போங்க."

"வேலைக்கு நேரமாச்சு, அக்கா."

"ஒரு தோசைக்கு என்னா நேரம் லா? நாளைக்கு ரெண்டு வாளியா கொண்டாங்க. வெள்ளிக்கெழம, கூட்டம் வரும்."

உட்கார்ந்தேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, புளிப்பு இருக்கவேண்டிய அளவுக்கு மட்டும். கை கழுவாமலே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ரெண்டா?" என்றாள். குழாய்த் தண்ணீர் ஐஸ்கிரீம் டப்பாவில் விழும் சத்தம் கேட்டது. அது நிரம்பி, அடுத்த டப்பாவுக்கு மாறியது.