மூன்றாம் நாள் எத்தனை மணிக்குக் கிளம்புவது

அப்பா கூடாரமும் கயிறும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. மலையேறப் போகிறவர்களுக்கு ஐந்து நாள் வழித்திட்டம் அங்கே உட்கார்ந்துதான் போட்டுக் கொடுப்பார். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே தண்ணீர், எங்கே இரவு தங்குவது, எல்லாம் ஒரே தாளில். அவர் போடும் நேரம் தாராளமாக இருக்கும். சுமை தூக்குபவர்கள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வேகமா நடக்கிறவனுக்குத் திட்டம் எதுக்கு? அவன் பாட்டுக்குப் போயிடுவான். கடைசியா வர்றவனுக்குத்தான் நான் எழுதறேன்" என்பார்.

அடுத்தவர் நடந்த நேரத்தை அவர் எழுதியதில்லை. ஒவ்வொரு வருடமும் சீசனுக்கு முன் தனியாக ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். உட்கார்ந்த இடத்துக்கு வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

அவர் இறந்த பன்னிரண்டாம் நாள் சமையல்காரச் சித்தப்பா கடைக்கு வந்தார். இருபது வருடமாக அப்பா அனுப்பும் குழுக்களோடு போகிறவர்.

"பாப்பா, வியாழக்கிழமை ஏழு பேர் கிளம்புறாங்க. தாள் ரெடியா?"

ரெடிதான். ஒரு கட்டம் மட்டும் காலி: மூன்றாம் நாள் புறப்படும் நேரம். புல்வெளியிலிருந்து கல்குடில் வரை எழுநூறு மீட்டர் ஏற்றம். மதியம் ஒன்றரைக்குள் குடிலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆலங்கட்டி. வழியில் ஒதுங்க இடம் கிடையாது.

ஒன்றரையிலிருந்து நடை நேரத்தைக் கழித்தால் போதும். நோட்டைப் பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு 3 மணி நேரம் 10 நிமிடம். போன வருடம் 4 மணி நேரம். இந்த வருடம் 6 மணி நேரம் 20 நிமிடம்.

"தப்பா எழுதிட்டாரு சித்தப்பா."

"முட்டி வலின்னாரு, அதான் லேட்டாயிருக்கும். பழைய நேரத்தையே போட்டுடு. ஆறு மணி நேரம்னா சுமை தூக்குற பசங்க என்னைத்தான் வறுத்தெடுப்பானுங்க."

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். கருவி பிசகினால், எல்லா இடத்திலும் பிசகுகிறதா, சில இடத்தில் மட்டுமா என்றுதான் முதலில் பார்ப்போம். மற்ற நாட்களையும் எடுத்து வைத்தேன். இறக்கங்கள் மூன்று வருடமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஏற்றங்கள் மட்டும் நீண்டிருந்தன. உயரம் கூடக்கூட இன்னும் நீண்டிருந்தன. முட்டி வலி இறக்கத்தில்தான் காட்டும்.

இது மூச்சு.

வரைபடத்தை விரித்தேன். அந்த ஏற்றத்தில் முன்பு இரண்டு புள்ளி. இப்போது பதினான்கு.

இதயம் ஒரு வருடமாகவே பலவீனப்பட்டிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். நான் வாரம் ஒரு முறை போனில் பேசுவேன். அப்பாவுக்கு இடையிடையே மூச்சு வாங்கும். "இப்பத்தான் படியேறி வந்தேம்மா" என்பார். எங்கள் வீடும் கடையும் தரைத்தளம். எட்டு மாதம் அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டேன்.

"ஏழு பேர்ல கடைசியா வரப்போறது யாரு?"

"ஒரு டீச்சரம்மா. ரிட்டயர்டு. போன தடவை மூச்சு முட்டுதுன்னு பாதியில திரும்பிட்டாங்க. இந்தத் தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் வர்றாங்க."

கழித்தால் ஏழு பத்து வந்தது. நாற்பது நிமிடம் தாராளமாக விட்டு, காலை ஆறரை என்று மையால் எழுதினேன். பதினான்கு புள்ளிகளுக்கும் மையிட்டு, வரைபடத்தையும் தாளோடு கொடுத்தேன்.

"ஆமையோட பொண்ணு" என்றார் சித்தப்பா. சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு பாத்திரங்களை எண்ணப் போய்விட்டார்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"டீச்சரம்மா பன்னண்டே முக்காலுக்கு வந்தாங்க. ஒன்றரைக்குப் பிடிச்சிது ஆலங்கட்டி."

"எங்கெங்க உக்காந்தாங்க?"

"புள்ளி வச்ச இடத்துலதான். மூணாவதை விட்டுட்டாங்க. பதினொண்ணாவதுல ரொம்ப நேரம். அங்க உக்கார வாகா ரெண்டு தட்டைக்கல்லு அடுக்கி வச்சிருக்கு." தாளை மேசையில் வைத்தார். "போன வருஷம் அங்க கல்லு கிடையாது பாப்பா."

நோட்டில் அப்பாவின் 6.20-க்குக் கீழே 6.15 என்று எழுதினேன். அவர் நடக்காத நேரம் அந்த நோட்டில் அது ஒன்றுதான்.