சந்தனம் வைத்த சர்வர்

ஹேமாவதி சர்வரில் இருந்த பதிவையெல்லாம் அழித்துவிட்டாளாம். தீபாவளிக்கு வரவேண்டிய லுங்கி டிசைன்களை ஆந்திர எல்லையில் நகரியில் தறி வைத்திருக்கும் யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்தது தெரியாமலிருக்க அழித்தாளாம். எனக்குப் போனில் சொன்னது ரத்தினம்மாள் சித்தி. சித்திக்குச் சொன்னது பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள். மஸ்கட்டில் நான் டீச்சராக இருக்கும் பள்ளி முடிந்து விடைத்தாள் கட்டோடு பஸ்ஸில் இருந்த நான், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்விட்டேன்.

"நீதானே அந்தப் பொண்ண அங்க சேத்துவுட்டே? உங்க மாமா உன் பேரச் சொல்லித்தான் கத்திகினு கெடக்குறாரு" என்றாள் சித்தி.

நான்தான். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கும் குணசேகரன் என் அம்மாவின் தம்பி. ஹேமா திருத்தணியில் என்னோடு படித்தவள். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுத் தமிழ் வகுப்பில் திருதிருவென்று விழித்த என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவள். எட்டு வருஷம் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தாள். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு அது முடியவில்லை. இப்போது சுற்றுவட்டாரத்தில் ஐந்து இடங்களின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டோடு ஒரு கீபோர்டும் இருக்கும். காலையில் காபியோடு அவள் படிப்பது லாக். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எதைத் திறந்தார்கள், எதைச் செருகினார்கள் என்று சர்வர் தானாக எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. "உங்க மாமா கொட்டாய்ல யாரு வேலைய வுட்டுட்டு சீட்டாடுறாங்கன்னு கூட சொல்லுவேன்" என்று ஒருமுறை சிரித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் வீடியோ கால் போட்டேன். கொட்டகையில்தான் இருந்தாள். பின்னால் தறிச் சத்தம்.

"நீயும் கேக்கப் போறியா, அனு?"

"கேக்கல. என்ன ஆச்சுன்னு சொல்லு."

"விஜயதசமிலருந்து ஒம்போது நாள் லாக் இல்ல. டிசைன் போனது அந்த ஒம்போது நாள்லதான். அழிக்கற அதிகாரம் எனக்கு மட்டும்தான். சாமி சத்தியமா நான் தொடல. அஞ்சு மணிக்குள்ள அந்த லாக்க உங்க மாமாவுக்குக் காட்டலன்னா சாவிய வெச்சுட்டுப் போவணுமாம். இங்க போச்சுன்னா மத்த நாலு எடத்துலயும் என்ன உள்ள வுடுவாங்களா?"

"அப்பவே நீ பாக்கலையா?"

"பூஜை லீவு, நெட்டும் இல்ல, சர்வர் எழுத என்ன இருக்கப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

இந்திய நேரம் நான்கு பத்து. அவளுக்குப் பின்னால் சர்வர் பெட்டியின் மேல் ஏதோ தெரிந்தது. "அது என்னடி?"

"ஆயுத பூஜை சந்தனம். எல்லாத்துக்கும்தான் வெப்பாங்க." சொன்னவள் சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "சிங்காரண்ணே! பூஜையன்னிக்கு இத ஆஃப் பண்ணீங்களா?"

தறி மேஸ்திரி சிங்காரம் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "ஆங், பின்ன? தறிக்கெல்லாம் ரெஸ்ட் வுட்டுட்டு இது மட்டும் ராவும் பகலும் ஒழைச்சிகினு கெடக்குது. பாவமில்ல? பிளக்கப் புடுங்கி, தொடச்சி, பொட்டு வெச்சேன். மறுநா காலைல ஏழு மணிக்குக் கற்பூரம் காட்டிப் போட்டேன்."

"நெட்டுப் பெட்டி?"

"அத மறந்தே பூட்டேன். ஒம்போது நாள் கழிச்சி நீ வந்து கத்தின பெறகுதானே போட்டேன்."

ஹேமா நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். கரண்ட் இல்லாதபோது நேரத்தை நினைவில் வைக்க அந்தப் பெட்டிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது எப்போதோ செத்திருந்தது. பெட்டியை யாரும் நிறுத்தாததால் யாருக்கும் தெரியவில்லை. அன்று காலை விழித்த சர்வர், 2012 ஜனவரி முதல் தேதி பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒன்பது நாளும் அப்படியே எழுதியது. நெட் வந்ததும் அதைப் பார்த்துத் தன் தேதியைச் சரிசெய்துகொண்டது. மூன்று மாதத்துக்கு முந்தையதை நள்ளிரவில் அழித்துவிடு என்று அதற்கு உத்தரவு உண்டு. பதிமூன்று வருஷப் பழசாகத் தெரிந்த ஒன்பது கோப்புகளை அது அன்றே துடைத்துவிட்டது.

"அந்த உத்தரவு நான் எழுதுனது" என்றாள். "நான்தான் அழிச்சிருக்கேன், அனு."

பஸ்ஸில் வந்த பேச்சில் பாதி உண்மையாகிவிட்டது.

திடீரென்று நிமிர்ந்தாள். எல்லா இடத்து லாக்கிலும் ஒரு நகல் அவள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். நெட் இல்லாவிட்டால் காத்திருந்து போகும். "நேத்தெல்லாம் அக்டோபர்லயே தேடிகினு இருந்தேன், முட்டாள்" என்று தன்னையே திட்டிக்கொண்டு அங்கிருந்தே திறந்தாள். 2012. ஒன்பது கோப்புகளும் இருந்தன.

"போட்ட நாப்பதாவது நிமிசம். அப்டின்னா காலைல ஏழு நாப்பது. பென் டிரைவ் செருகியிருக்காங்க. டிசைன் ஃபோல்டர் மொத்தமும் காப்பி ஆயிருக்கு."

"யார் பேர்ல?"

ஹேமா கேமராவைத் திரைப்பக்கம் திருப்பினாள். குணசேகரன் என்று இருந்தது.

நான் இரண்டு முறை படித்தேன். எழுத்து மாறவில்லை.

சிங்காரமும் எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு நகரியிலருந்து ஒருத்தர் வந்து சுண்டல் சாப்ட்டுகினு இருந்தாரே. பழைய டிசைன் காட்றேன்னு முதலாளிதான் உள்ள கூட்டிகினு போனாரு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "யம்மா, என் பேர இழுத்துடாத" என்று தறிப்பக்கம் நழுவினார்.

பழையதை மட்டும் எடுக்கத் தெரியாமல் மொத்தமும் கொடுத்தாரா? தெரிந்தே கொடுத்துவிட்டு இவள் தலையில் போட்டாரா? பள்ளிக்கூடக் கட்டணம் முதல் விமான டிக்கெட் வரை எனக்காக அலைந்தவர் அவர்.

"பள்ளிப்பட்டு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. நேத்துலருந்து என் போன எடுக்கறதில்ல" என்றாள் ஹேமா. "நீ பேசுறியா?"

மாமாவின் நம்பருக்குப் போட்டேன். அவர் காலர் டியூனாக வைத்திருக்கும் முருகன் பாட்டு முழுவதும் ஓடி நின்றது. மறுபடி போட்டேன்.

"மணி நாலு அம்பத்தஞ்சு ஆவுது, அனு. எடுத்தாரா?"

ஒரு காதில் தறிச் சத்தம். இன்னொரு காதில் பாட்டு முதல் அடியிலிருந்து மீண்டும் தொடங்கியது.