பம்பு நிற்கும் நேரம்

அம்மாவை மீன் பிடிக்க அழைத்து வந்திருந்தேன். ஜொகூர் ஆற்றுப் படகுத்துறையின் ஜெட்டிப் பலகையில் கால் வைத்ததும் உள்ளங்காலில் ஓர் அதிர்வு ஏறியது. மின்சாரத்துக்காக ஆற்றுக்கடியில் இறக்கிய டர்பைன் சுற்றுகிறது. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பின் அதே உறுமல்.

என் சிறுவயதில் பால்வெட்டு முடிந்ததும் அம்மா தூண்டிலோடு ஆற்றுக்குப் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். டீசல் நாற்றம், பாசி வாடை. கரையிலிருந்த பம்பு ஓடினால் ஒரு மீனும் அண்டாது.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்களேன்!" என்று அம்மா பம்புக்காரரிடம் கத்துவார். உறுமல் அடங்கும். கொஞ்ச நேரத்தில் லம்பாம் மீன்கள் திரும்பி வந்து நூலை இழுக்கும். மிச்சத் தூண்டில் புழுக்களை ஈரமண்ணோடு டின்னில் மூடி, "நாளைக்கு ஆகும்" என்பார்.

இன்று வெகுநேரமாகியும் நூல் அசையவில்லை. டர்பைனைச் சோதிக்க வந்த இளைஞனை அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துங்களேன். மீனு வரட்டும்."

"அலமாக், ஆன்ட்டி! இத நிறுத்த மாட்டாங்க லா. ஆறு ஓடுற வரைக்கும் சுத்தும்."

அம்மா ஓடும் ஆற்றையே பார்த்தார். பிறகு நூலைச் சுற்றி வைத்தார். டின்னைக் கவிழ்த்து, புழுக்களைக் கரையிலேயே கொட்டினார்.